இட்சாக் ராபின்

இட்சாக் ராபின் (மார்ச் 1, 1922 – நவம்பர் 4, 1995) இஸ்ரேலியப் படைத்தளபதியும் அரசியல்வாதியும் ஆவார். இவர் இஸ்ரேலின் ஐந்தாவது பிரதமராக 1974 முதல் 1977 வரையிலும், பின்னர் 1992 முதல் 1995 இல் தாம் கொல்லப்படும் வரையிலும் பதவி வகித்தார். இஸ்ரேலில் பிறந்தவர்களுள் அந்நாட்டின் பிரதமரான முதலாமவர் இவரே. பாலஸ்தீன விடுதலை இயக்கத்துடன் ஒஸ்லோ உடன்படிக்கையைச் செய்துகொண்டமைக்காக 1994 ஆம் ஆண்டுக்கான அமைதிக்கான நோபல் பரிசை ஷிமோன் பெரெஸ், யாசர் அராபத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். அவ்வுடன்படிக்கையை எதிர்த்த யூதத் தீவிரவாதி ஒருவரால் டெல் அவிவ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியல் எதிர்ப்புக்கும் வன்முறைத் தூண்டலுக்கும் இடையிலான எல்லை எது என்னும் கேள்வி, இவரது படுகொலைக்குப் பின்னர் இஸ்ரேலிய சட்டத்திலும் அரசியலிலும் முதன்மை பெற்றது.

இளமைக்காலம்

ராபின் அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த எருசலேம் நகரில் பிறந்தார். தந்தை நெகேமியா ராபின் உக்ரைனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். முதல் உலகப் போரின்போது பிரித்தானியப் படையின் யூதப் படைப்பிரிவில் சேர்ந்து பாலஸ்தீனத்துக்கு வந்தார். தாய் ரோசா கோகென் தொழிலாளர் இயக்கத்திலும், யூதர்களின் தற்காப்புப் படையான ஹகானாவிலும் முனைப்புடன் செயற்பட்டவர். அவர் 1937 இல், ராபினுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது காலமானார்.

டெல் அவிவில் வளர்ந்த ராபின், கலிலேயப் பகுதியில் இருந்த கதூரி வேளாண்மைப் பள்ளியில் பயின்று 1940 இல் சிறப்புத் தேர்ச்சி பெற்றார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆகவேண்டும் என்பது இவரது விருப்பமாக இருந்தது. ஆயினும் 1941 இல் ஹகானாவின் தாக்குதற் பிரிவான பல்மாக்கில் இணைந்தார். அதன் பின்னர் இருபத்தேழு ஆண்டுகள் படைத்துறையிலேயே கழிந்தன.

படைத்துறை வாழ்க்கை

1945 அக்டோபரில் சட்டவிரோதக் குடியேறிகள் எனப் பிரித்தானியரால் அட்லித் முகாமில் அடைக்கப்பட்டிருந்த சுமார் 200 யூதர்களை விடுவித்த நடவடிக்கையில் ராபின் பங்குகொண்டார். 1946 ஜூன் மாதத்தில் பிரித்தானியப் படையினரால் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்.

1948 ஆம் ஆண்டுப் போரில் எருசலேம் செல்லும் பாதையைத் திறந்து வைத்திருக்கும் பொறுப்பு, இவரது தலைமையிலான ஹரேல் படையணிக்கு வழங்கப்பட்டது. போர் நிறுத்தக் காலமொன்றில், ஆகஸ்ட் 23, 1948 அன்று லேயா ஷ்லாஸ்பெர்க்கை மணந்தார். இவர்களுக்கு டாலியா, யுவால் என இரு பிள்ளைகள்.

அதே ஆண்டு நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் இவரது பிற்கால அரசியல் வாழ்விலும் தொடர்ந்து பேசப்பட்டன. முதலாவது அல்தலேனா நிகழ்வு ஆகும். மெனாகெம் பெகின் தலைமையிலான இர்குன் இயக்கத்துக்கு ஆயுதங்களை ஏற்றி வந்த அல்தலேனா என்னும் கப்பல் 1948 ஜூன் மாதம் டெல் அவிவ் கரையை அடைந்தது. ஆயுதங்களை அரசிடம் ஒப்படைப்பது குறித்துப் பிணக்கு ஏற்படவே, பிரதமர் டேவிட் பென்-குரியனின் ஆணைப்படி படையினர் கப்பலைத் தாக்கினர். இம்மோதல்களில் இர்குன் தரப்பில் 16 பேரும் படையினர் மூவரும் உயிரிழந்தனர். டெல் அவிவ் கரையில் நடைபெற்ற சண்டையில் படையினருக்குத் தலைமை தாங்கியவர்களுள் ராபினும் ஒருவர். யூதர்கள் மீது யூதர்களே துப்பாக்கி ஏந்திய இந்நிகழ்வை வலதுசாரியினர் ராபினுக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் கழித்தும் நினைவூட்டி வந்தனர்.

இரண்டாவது நிகழ்வு, 1948 ஜூலையில் லித்தா, ராம்லே ஆகிய நகரங்களைக் கைப்பற்றிய பின் அங்கிருந்த அராபியர்கள் வெளியேற்றப்பட்டமை ஆகும். வெளியேற்றப்பட்டோரின் தொகை 50,000 முதல் 70,000 வரை என மதிப்பிடப்படுகிறது. கடும் கோடை வெயிலில் கால்நடையாகச் சென்ற இவர்களுள் பலர் வழியிலேயே இறந்தனர். இந்நடவடிக்கையின் செயற்பாட்டு அதிகாரியாக இருந்த ராபின், லித்தா மக்களை வெளியேற்றும் ஆணையில் கையொப்பமிட்டிருந்தார்.

1964 ஜனவரி 1 அன்று ராபின் இஸ்ரேலியப் பாதுகாப்புப் படைகளின் தலைமைத் தளபதியானார். 1967 ஜூன் மாதத்தில் நடைபெற்ற ஆறு நாள் போரில் எகிப்து, ஜோர்தான், சிரியா ஆகிய நாடுகளின் படைகளை இஸ்ரேல் தோற்கடித்தது. சினாய், காசா, மேற்குக் கரை, கிழக்கு எருசலேம், கோலான் குன்றுகள் என்பன இஸ்ரேலின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இந்த வெற்றி ராபினுக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. பின்னாளில் இதே நிலப்பகுதிகளுள் சிலவற்றை விட்டுக்கொடுக்க முன்வந்ததே இவர்மீது துரோகக் குற்றச்சாட்டு சுமத்தப்படக் காரணமாயிற்று.

அரசியலில் நுழைவும் முதலாவது ஆட்சியும்

படையிலிருந்து ஓய்வுபெற்ற ராபின் 1968 முதல் 1973 வரை அமெரிக்காவுக்கான இஸ்ரேலியத் தூதுவராகப் பணியாற்றினார். 1973 டிசம்பரில் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றமான கெனசெத்துக்குத் தெரிவானார். யோம் கிப்பூர் போரையடுத்து கோல்டா மேயர் பதவி விலகியதைத் தொடர்ந்து, 1974 ஜூன் மாதத்தில் பிரதமரானார்.

இவரது முதலாவது ஆட்சிக் காலத்தில் 1975 செப்டம்பரில் எகிப்துடன் சினாய் தொடர்பான இடைக்கால ஒப்பந்தம் கையெழுத்தானது. 1976 ஜூலை 4 அன்று, கடத்தப்பட்ட பிரெஞ்சு விமானத்தின் பணயக் கைதிகளை உகாண்டாவின் எண்டெபி விமான நிலையத்தில் இருந்து இஸ்ரேலியப் படையினர் மீட்டனர். அதே ஆண்டு மார்ச் 30 அன்று, நிலப் பறிமுதலை எதிர்த்து இஸ்ரேலின் அராபியக் குடிமக்கள் நடத்திய போராட்டத்தின்போது ஆறு அராபியர்கள் கொல்லப்பட்டனர். இந்நாள் நில நாள் என ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. மேற்குக் கரையில் அரசின் அனுமதியின்றிக் குடியேற முயன்ற குஷ் எமுனிம் இயக்கத்துடன் இவரது அரசு மோத நேர்ந்ததும் இக்காலத்திலேயே ஆகும்.

1977 இல், ராபின் தம்பதியினர் அமெரிக்காவில் டாலர் வங்கிக் கணக்கு வைத்திருந்ததை ஹாரெட்ஸ் நாளிதழின் செய்தியாளர் தான் மர்கலித் வெளிப்படுத்தினார். வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்திருப்பது அக்காலச் சட்டப்படி குற்றமாகும். இதற்குப் பொறுப்பேற்று ராபின் பிரதமர் வேட்பாளர் நிலையிலிருந்து விலகினார். அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி முதன்முறையாக ஆட்சியை இழந்தது.

நினைவுக் குறிப்புகளும் தணிக்கையும்

ராபின் 1979 இல் தமது நினைவுக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். இஸ்ரேலில் முன்னாள் அமைச்சர்கள் எழுதும் நூல்களை அமைச்சர் குழு ஒன்று பரிசீலிப்பது வழக்கம். லித்தா, ராம்லே மக்கள் வெளியேற்றப்பட்டது பற்றி ராபின் எழுதியிருந்த பகுதியை அக்குழு நீக்கியது. எனினும், நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பெரெட்ஸ் கித்ரோன் அப்பகுதியை நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு வழங்கினார். அது 1979 அக்டோபரில் வெளியானது. அராபியர்கள் தாமாகவே வெளியேறினர் என்னும் அதிகாரப்பூர்வ விளக்கத்துக்கு மாறான செய்தி, அந்நடவடிக்கையை நடத்திய தளபதி ஒருவரிடமிருந்தே வந்தமை பெரும் விவாதத்தை ஏற்படுத்தியது.

பாதுகாப்பு அமைச்சர்

1984 முதல் 1990 வரை தேசிய ஒற்றுமை அரசுகளில் ராபின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். 1987 டிசம்பரில் மேற்குக் கரையிலும் காசாவிலும் பாலஸ்தீனர்களின் எழுச்சி தொடங்கியது. இதனை அடக்க ராபின் கடும் வழிமுறைகளைக் கையாண்டார். ஆர்ப்பாட்டக்காரர்களைச் சுடுவதற்குப் பதிலாகத் தடிகளால் அடிக்கும் கொள்கை 1988 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அவர்களின் எலும்புகளை முறிக்குமாறு இவர் ஆணையிட்டதாகப் பரவலாகக் கூறப்பட்டது. அச்சொற்களைத் தாம் கூறியதில்லை என ராபின் மறுத்தார். இக்கொள்கை மனித உரிமை அமைப்புகளின் கண்டனத்துக்கு உள்ளானது.

1986 இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம் ஒன்று, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தினருடன் இஸ்ரேலியர்கள் தொடர்பு கொள்வதைக் குற்றமாக்கியது. அராபத்தைச் சந்தித்தமைக்காக அமைதிச் செயற்பாட்டாளர் ஏபி நாதன் இச்சட்டத்தின் கீழ்ச் சிறை சென்றார். ராபினின் இரண்டாவது ஆட்சியில், 1993 ஜனவரியில், கெனசெத் இத்தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ராபின் தாமே அராபத்துடன் கைகுலுக்கினார்.

இரண்டாவது ஆட்சியும் ஒஸ்லோ உடன்படிக்கையும்

1992 பிப்ரவரியில் ஷிமோன் பெரெஸைத் தோற்கடித்து ராபின் தொழிற்கட்சியின் தலைவரானார். ஜூன் மாதத் தேர்தலில் அக்கட்சி 120 இடங்களுள் 44 இடங்களை வென்றது. மெரெட்ஸ், ஷாஸ் ஆகிய கட்சிகளுடன் கூட்டணி அமைத்து ராபின் பிரதமரானார். அராபிய வாக்காளர்களின் ஆதரவு பெற்ற இரு சிறு கட்சிகள், அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவளித்தன.

தொடக்கத்தில் இவ்வரசும் கடுமையாகவே நடந்துகொண்டது. 1992 டிசம்பரில் ஹமாஸ், இஸ்லாமிய ஜிகாத் ஆகியவற்றைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்டோர் லெபனானுக்கு நாடுகடத்தப்பட்டனர். அதேவேளை நார்வேயில் மறைமுகப் பேச்சுவார்த்தைகள் நடைபெற்றன. 1993 செப்டம்பர் 9 அன்று இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டன. செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் முதலாவது ஒஸ்லோ உடன்படிக்கை கையெழுத்தானது. 1994 மே மாதத்தில் காசாவிலும் எரிகோவிலும் பாலஸ்தீனத் தன்னாட்சி தொடங்கியது. 1994 அக்டோபர் 26 அன்று ஜோர்தானுடன் அமைதி ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஜோர்தான் ஒப்பந்தத்துக்குக் கெனசெத்தில் ஏறக்குறைய ஒருமித்த ஆதரவு கிடைத்தது. ஒஸ்லோ உடன்படிக்கையோ நாட்டை இரண்டாகப் பிரித்தது.

எதிர்ப்பும் வெறுப்புப் பரப்புரையும்

ஒஸ்லோ உடன்படிக்கைக்கு இருந்த எதிர்ப்புக்குப் பல காரணங்கள் இருந்தன. 1994 இலும் 1995 இலும் ஹமாஸ், இஸ்லாமிய ஜிகாத் ஆகிய இயக்கங்கள் அடுத்தடுத்துத் தற்கொலைத் தாக்குதல்களை நடத்தின. 1994 அக்டோபரில் டெல் அவிவில் பேருந்து ஒன்றில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 22 பேர் கொல்லப்பட்டனர். உடன்படிக்கை பாதுகாப்பைத் தராமல் ஆபத்தையே கொண்டுவந்தது எனப் பலர் கருதினர். மேற்குக் கரை இறைவனால் யூதர்க்கு வாக்களிக்கப்பட்ட நிலம் என நம்பிய குடியேறிகள், அதில் எப்பகுதியையும் கைவிட எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்றனர். குடியேறிகளின் போராட்டங்களை ராபின் பொதுமேடைகளில் ஏளனமாகப் பேசியது அவர்களது சினத்தை மேலும் வளர்த்தது.

எதிர்ப்பின் மற்றொரு பகுதி முன்முடிவின் அடிப்படையில் அமைந்திருந்தது. 1993 செப்டம்பரில் ஷாஸ் கட்சி கூட்டணியிலிருந்து விலகிய பின், ராபினின் 61 உறுப்பினர் பெரும்பான்மை அராபியக் கட்சிகளின் ஐந்து உறுப்பினர்களையும் உள்ளடக்கியிருந்தது. யூதப் பெரும்பான்மை இல்லாத அரசு நாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கத் தகுதியற்றது என எதிர்ப்பாளர்கள் பலர் வாதிட்டனர். அராபியக் குடிமக்களின் வாக்கு, யூதக் குடிமக்களின் வாக்குக்கு ஈடாகாது என்பதே இவ்வாதத்தின் உட்பொருள் ஆகும். 1995 அக்டோபரில் இரண்டாவது ஒஸ்லோ உடன்படிக்கை 61க்கு 59 என்னும் வாக்குகளில் நிறைவேறியபோது இவ்வாதம் மேலும் வலுத்தது.

1994 பிப்ரவரி 25 அன்று பாரூக் கோல்ட்ஸ்டைன் என்னும் யூதக் குடியேறி, எப்ரோனில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் மீது துப்பாக்கியால் சுட்டு 29 பேரைக் கொன்றார். ராபின் இதனைக் கெனசெத்தில் மிகக் கடுமையாகக் கண்டித்தார். கோல்ட்ஸ்டைன் சார்ந்திருந்த காக் இயக்கமும் அதன் கிளை அமைப்பும் 1994 மார்ச்சில் தடைசெய்யப்பட்டன. எப்ரோன் நகரில் இருந்த குடியேறிகளை வெளியேற்றுவது பற்றி அரசு ஆலோசித்தபோதிலும் அவ்வாறு செய்யவில்லை.

ஆர்ப்பாட்டங்களில் ராபின் துரோகி என்றும் கொலைகாரர் என்றும் அழைக்கப்பட்டார். யூதர் ஒருவரின் உயிருக்குக் கேடு சூழ்பவரைக் கொல்லலாம் எனக் கூறும் தின் ரோதெஃப் என்னும் பழைய சமயச் சட்டக் கருத்து ராபினுக்குப் பொருந்துமா என்று மதகுருமார் சிலர் ஆராயத் தொடங்கினர். 1995 அக்டோபர் 5 அன்று எருசலேமின் சியோன் சதுக்கத்தில் நடைபெற்ற பெரும் பேரணியில், நாசிப் படையின் சீருடையில் ராபினைச் சித்திரிக்கும் படங்கள் வழங்கப்பட்டன. அப்பேரணியில் எதிர்க்கட்சித் தலைவர் பெஞ்சமின் நெத்தன்யாகு உரையாற்றினார். அப்படங்களைத் தாம் காணவில்லை என்றும், ராபினைத் துரோகி என்று அழைப்பதைத் தாம் கண்டித்ததாகவும் அவர் பின்னர் விளக்கமளித்தார். அதே மாதத்தில் இளைஞர் இத்தமார் பென்-க்வீர், ராபினின் காரிலிருந்து எடுக்கப்பட்ட சின்னத்தைத் தொலைக்காட்சியில் காட்டி, காரை நெருங்கியது போலவே ராபினையும் நெருங்க முடியும் என்னும் பொருள்படப் பேசினார். இவர் 2022 டிசம்பரில் இஸ்ரேலின் தேசியப் பாதுகாப்பு அமைச்சரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய பேச்சுகளுள் பெரும்பாலானவற்றின் மீது வழக்குத் தொடரப்படவில்லை. எதிர்ப்புக் குரலை ஒடுக்குவதாகக் குற்றம் சாட்டப்படலாம் என்னும் தயக்கம் இருந்தது. ராபினும் தம்மீதான வசைகளைப் பொருட்படுத்தாதவராகவே காட்டிக்கொண்டார். குண்டு துளைக்காத உடையை அணிய மறுத்தார்.

படுகொலை

1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவ் நகரின் இஸ்ரேல் மன்னர்கள் சதுக்கத்தில், அமைதிக்கு ஆதரவாகவும் வன்முறைக்கு எதிராகவும் பேரணி ஒன்று நடைபெற்றது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். கூட்டம் மிகக் குறைவாக இருக்கும் என அஞ்சிய ராபின், மக்கள் திரளைக் கண்டு மகிழ்ந்தார். மேடையில் இருந்தோருடன் சேர்ந்து அமைதிப் பாடலையும் பாடினார். பேரணி முடிந்து தமது காரை நோக்கிச் சென்றபோது, இரவு 9.30 மணிக்குப் பின்னர், யிகால் அமீர் என்னும் 25 வயதுச் சட்ட மாணவர் பின்புறமிருந்து இவரைச் சுட்டார். இக்சிலோவ் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ராபின் சிறிது நேரத்தில் உயிரிழந்தார். பாடல் அச்சிடப்பட்ட தாள் இவரது சட்டைப் பையில் இரத்தக் கறையுடன் காணப்பட்டது.

நவம்பர் 6 அன்று எருசலேமின் எர்சல் மலையில் நடைபெற்ற இறுதிச் சடங்கில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன், ஜோர்தான் மன்னர் உசேன், எகிப்துக் குடியரசுத் தலைவர் ஓசுனி முபாரக் உட்படப் பல நாட்டுத் தலைவர்கள் கலந்துகொண்டனர். பாதுகாப்புக் காரணங்களால் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளாத அராபத், பின்னர் ராபினின் இல்லத்துக்குச் சென்று லேயாவுக்கு ஆறுதல் கூறினார்.

அமீருக்கு 1996 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தாம் சமயச் சட்டத்தின்படியே நடந்துகொண்டதாக அவர் கூறினார். முன்னாள் தலைமை நீதிபதி மெயர் ஷம்கார் தலைமையிலான விசாரணை ஆணையம், உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான ஷின் பெத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் இருந்த குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது. பிரதமரைக் கொன்றவருக்கு மன்னிப்பு வழங்குவதைத் தடுக்கும் சட்டத்தை 2001 இல் கெனசெத் இயற்றியது.

பேச்சுரிமை குறித்த விவாதம்

படுகொலைக்குப் பின்னர் யார் பொறுப்பு என்னும் கேள்வி எழுந்தது. வெறுப்புப் பேச்சே கொலைகாரனின் கையை வலுப்படுத்தியது என லேயா ராபினும் இடதுசாரிகளும் கூறினர். ஒருவரது குற்றத்துக்காகச் சமயப்பற்றுள்ளோர் அனைவரையும் பழிப்பது புதியதொரு முன்முடிவு என்றும், வன்முறைத் தூண்டல் என்னும் பெயரில் நேர்மையான எதிர்ப்பும் வாயடைக்கப்படுகிறது என்றும் வலதுசாரிகள் வாதிட்டனர். தீவிரவாதிகளிடையே ஊடுருவியிருந்த ஷின் பெத் உளவாளி அவிஷாய் ரவிவ் தாமே வெறுப்புப் பரப்புரையில் ஈடுபட்டிருந்தது தெரியவந்தபோது விவாதம் மேலும் சிக்கலானது. கொலையைத் தடுக்கத் தவறியதாக அவர்மீது தொடரப்பட்ட வழக்கில் 2003 இல் விடுதலை செய்யப்பட்டார்.

அக்காலத்தில் இஸ்ரேலில் இதற்கெனப் பயன்பட்ட சட்டங்கள் இரண்டு. ஒன்று, பிரித்தானிய ஆட்சியிலிருந்து வந்த, அரசுக்கெதிரான கிளர்ச்சியைத் தூண்டுவதற்கு எதிரான சட்டம். மற்றொன்று, ஐக்கிய நாடுகள் அவையின் நடுவர் போக் பெர்னதோத்தை 1948 இல் யூதத் தீவிரவாதிகள் கொன்றதையடுத்து இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். ஒஸ்லோவுக்கு எதிராகச் சாலை மறியல்களை நடத்திய மோஷே பெய்க்லின், கிளர்ச்சியைத் தூண்டிய குற்றத்துக்காக 1997 இல் தண்டிக்கப்பட்டார். 2000 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஒரே நாளில் இரு தீர்ப்புகளை வழங்கியது. அராபியர் நகரமொன்றைக் குண்டுவீசித் தாக்கக் கோரும் துண்டறிக்கைகளை வழங்கிய பின்யமின் கஹானே, கிளர்ச்சியைத் தூண்டிய குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். கல்லெறிதலைப் புகழ்ந்து எழுதிய அராபிய ஊடகவியலாளர் ஒருவர், பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவு அமைப்புகளின் வன்முறையையே குறிக்கும் என்னும் அடிப்படையில் விடுவிக்கப்பட்டார். இத்தீர்ப்புகளைத் தொடர்ந்து 2002 இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. வன்முறைக்கு அழைப்பு விடுப்பது அல்லது அதனைப் புகழ்வது, உள்ளடக்கத்தையும் சூழலையும் கொண்டு நோக்கும்போது வன்முறைக்கு இட்டுச்செல்லும் மெய்யான வாய்ப்பு இருந்தால் மட்டுமே குற்றமாகும் என அத்திருத்தம் வரையறுத்தது.

நினைவு

1996 மே மாதத் தேர்தலில் பெஞ்சமின் நெத்தன்யாகு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் பெரெஸைத் தோற்கடித்துப் பிரதமரானார். ராபின் கொல்லப்பட்ட சதுக்கத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது. எபிரேய நாட்காட்டியின்படி இவரது நினைவு நாளை ஆண்டுதோறும் அனுசரிக்க 1997 இல் சட்டம் இயற்றப்பட்டது. லேயா ராபின் 2000 நவம்பரில் காலமானார்.

ராபினைப் பற்றிய மதிப்பீடுகள் இன்றும் வேறுபடுகின்றன. இஸ்ரேலியர் பலருக்கு இவர் அமைதிக்காக உயிர் நீத்த படைவீரர். ஒஸ்லோவின் எதிர்ப்பாளர்களுக்குத் தவறான பாதையைத் தேர்ந்தெடுத்த தலைவர். பாலஸ்தீனர் பலருக்கு 1948 இன் வெளியேற்றத்தையும் எழுச்சிக் காலத்து அடக்குமுறையையும் நினைவூட்டுபவர். இவர் வாழ்ந்திருந்தால் உடன்படிக்கை நிலைத்திருக்குமா என்பது வரலாற்றாய்வாளர்களிடையே முடிவுறாத விவாதமாகும்.